கடைசிப் பத்து நிமிடம்

படம் தொடங்கிப் பதினோரு நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் ஒருத்தரும் சாகவில்லை. நோட்டில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்: 0:11, சாவு இல்லை. பட்டப்பகல் இரண்டு மணிக்கு அரைநாள் லீவு போட்டு, ஹால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சோபாவில் காலை மடக்கிக்கொண்டு தனியாக ஒரு பேய்ப்படம் பார்க்கிறேன். எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது, பத்ரிநாத் கேட்டதால் பார்க்கிறேன். பத்ரிநாத் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர், நாலு பிளாக்குக்கும் அவன் வைத்ததுதான் சட்டம். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் கிளப்ஹவுஸில் ஹாலோவீன் விழாவாம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் படமாம். ஆனால் படத்தின் மேலேயே பதின்மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அதை வைத்து வாட்ஸப் குரூப்பில் மூன்று நாள் சண்டை. எங்கள் சங்கத்தில் பிள்ளைகளுக்கு எந்தப் படம் போட்டாலும் யாராவது ஒரு பெற்றோர் முன்கூட்டியே பார்த்து ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், அது வழக்கம். வன்முறை உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, பிள்ளைகளைப் பாதிக்கும் காட்சி உண்டா, இருந்தால் எத்தனையாவது நிமிடம். போன தடவை எட்டாம் மாடி சுஜிதா எழுதினாள், ஒரு நாய்ப் படத்துக்கு. இந்தத் தடவை என்னை ஏன் பிடித்தார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. லிஃப்டில் வைத்து அவனே சொன்னான். உங்க பொண்ணு பார்க்கலாம்னா வேற யாரு வேணும்னாலும் பார்க்கலாம் மேடம், என்றான். சொல்லிவிட்டு நாலாவது மாடி பொத்தானை உற்றுப் பார்த்தான். எனக்கு அந்த இடத்திலேயே அவன் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போல இருந்தது. சரி பத்ரி சார், பார்த்துச் சொல்றேன் என்றேன். இப்படித்தான் நான் எப்போதும்.

படத்தில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் வாசலில் பூசணிக்காய், கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே விளக்கு வைத்தது. 0:14, பூசணிக்கு முகம் இருக்கிறது, பிள்ளைகள் பயப்படக்கூடும். எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் கேட்டில் நுழைந்ததும் தலைக்கு மேலே தொங்குகிறதே, நாக்கை நீட்டிக்கொண்டு, மீசை முறுக்கிக்கொண்டு, கருப்பும் சிவப்பும் பூசின திருஷ்டிப் பூசணி, அதற்கு யார் வயது போட்டார்கள்? தள்ளுவண்டியில் படுத்திருக்கிற கைக்குழந்தையிலிருந்து எல்லாமே அதற்குக் கீழேதான் போய் வருகிறது. பெரிய நடிகர் படம் வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு போய், தலை தனியாக உருளும்போது பாப்கார்ன் கேட்டு அழுகிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் இதற்கு மூன்று நாள் சண்டை போட்டார்கள். அமெரிக்கப் பேய் என்றால் மட்டும் இவர்களுக்குப் பிள்ளை மனசு ஞாபகம் வந்துவிடும். அதுவும் என் பிள்ளை மனசு. இதழினி பாவம்ல என்று எத்தனை பேர் தனியாக மெசேஜ் அனுப்பினார்கள். பதினைந்து மாதமாகப் பாவம், பாவம். அவள் சைக்கிள் ஓட்டினால் பாவம், ஓட்டாவிட்டால் அதைவிடப் பாவம். ஒருத்தியாவது அவளைப் பார்த்து ஒழுங்காக ஒரு திட்டுத் திட்டியிருந்தால் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

கதை இதுதான். நோரா என்று ஒரு பெண், பதினோரு வயது, என் மகள் வயது. வசந்த காலத்தில் அவள் அம்மா செத்துப்போனாள். அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு ராத்திரி செத்தவர்கள் வந்து மூன்று தடவை கதவைத் தட்டுவார்களாம், திறக்கக் கூடாதாம். ஊரில் ஒருத்தரும் திறப்பதில்லை. தட்டுகிற பேய் தமிழில் பேசுகிறது. கதவைத் திற மகளே, வெளியே குளிர் கடுமையாக உள்ளது என்கிறது. செய்தி வாசிக்கிற குரல். டப்பிங் பேசின பெண் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பேசியிருப்பாள் போல. நான் பிழை பிடித்துப் பிழைப்பு நடத்துகிறவள், கம்பெனியில் புது மென்பொருள் எதுவும் வெளியே போகுமுன் எங்கே உடையும் என்று தட்டித் தட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. இந்தப் படத்திலும் பார்த்தேன். முதல் தட்டு 0:34. நிஜமாகவே என் உள்ளங்கை வேர்த்தது. பேய்க்காக இல்லை. அந்தப் பெண் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கில் கையை வைத்துப் பார்க்கிறாள், காற்று வருகிறதா, நிழல் தெரிகிறதா என்று. அவள் அத்தை வந்து கையைப் பிடித்து இழுத்து, அங்கே யாரும் இல்லை, உன் அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள் என்கிறாள். 0:36, அத்தை பொய் சொல்கிறாள். இதைப் படிவத்தில் எந்தக் கேள்விக்குக் கீழே போடுவது? வன்முறையா, கெட்ட வார்த்தையா? காலிங் பெல் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. கூரியர்காரர், பக்கத்து வீட்டுப் பார்சல், நீங்க வாங்கி வச்சிக்கிறீங்களா என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போனது, போகட்டும்.

தூங்குகிற மாதிரி. அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் தூங்குவது எனக்குத் தெரியாதா? வாயைப் பிளந்துகொண்டு, ஒரு காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். விடிந்தால் கண்ணாடியைத் தேடித் தலையணைக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, எல்லா இடமும் துழாவுவார். மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் யார் நிற்கிறார்கள் என்று சத்தியமாகத் தெரியாது கோமதிநாயகத்துக்கு, அப்படி ஒரு கண். இதழினி அதைத் தெரிந்துகொண்டு முன்னால் போய் நிற்பாள். யாரது என்பார். கேஸ்காரர் என்பாள் குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு. சிலிண்டர் எங்கே என்பார். தினமும் இதே கூத்து, பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும். போன வருஷம் ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போனார்கள் இரண்டு பேரும், அவள் வேனில், இவர் வண்டியில். பதினொன்றே காலுக்கு ஆபீஸில் நாற்காலியிலிருந்து சரிந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் கைக்கடிகாரம், பர்ஸ், கண்ணாடி மூன்றையும் போட்டுக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடியில் அவர் விரல் ரேகை இருந்தது. கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

ஆம்புலன்ஸ் கேட்டுக்குள்ளே வந்ததும் பத்ரிநாத் குறுக்கே நின்றான். கையில் காகிதம். சங்க விதி பதினெட்டோ பத்தொன்பதோ, உடலை லிஃப்டில் ஏற்றக் கூடாது, மாடி வராந்தாவில் வைக்கக் கூடாது. குழந்தைங்க இருக்கிற இடம் மேடம், குழந்தைங்க பயப்படும், நீங்க புரிஞ்சுக்குவீங்க என்றான். விசிட்டர் பார்க்கிங் ஏழாம் நம்பரைக் காலி பண்ணி, மேலே நீல ஷாமியானா கட்டி, ஐஸ் பெட்டியை அங்கே வைத்தார்கள். பக்கத்தில் ஆறாம் நம்பரில் யாரோ ஒருத்தருடைய வெள்ளைக் கார், அதை எடுக்கக்கூட ஆள் வரவில்லை. எங்கள் வீட்டு மனிதர், பதினைந்து வருஷம் நாலாம் மாடியில் குடியிருந்தவர், விசிட்டர். நான் புரிந்துகொண்டேன். என்னை யாரும் எதையும் புரிந்துகொள்ள வைத்துவிடலாம். இன்றைக்கும் அதே வார்த்தைதான், பாருங்கள், குழந்தைங்க விஷயம் மேடம், நீங்க பார்த்துச் சொன்னா சரியா இருக்கும். அவன் வாயில் குழந்தைங்க என்ற வார்த்தை வரும்போதெல்லாம் எனக்கு அந்த நீலத் துணி ஞாபகம் வருகிறது. 0:51, இரண்டாம் தட்டு. எழுத மறந்து மறுபடி பின்னால் ஓட்டினேன்.

அவனைத் திட்டுவது சுலபம், அதனால்தான் பதினைந்து மாதமாக அவனையே திட்டுகிறேன். ஆனால் இதழினியை மேலே அனுப்பச் சொல்லி அவன் சொல்லவில்லை. அது நான். வேன் மூன்றே முக்காலுக்கு வரும் என்று தெரிந்ததும் சுஜிதாவுக்கு போன் பண்ணி, பின் கேட் வழியா கூட்டிட்டுப் போயிரு, எட்டாம் மாடியிலயே வச்சுக்கோ, கார்ட்டூன் போட்டு விடு என்றது நான். சங்கரன்கோவிலிலிருந்து நாத்தனார் மீனா கடைசி நேரத்தில் வந்து இறங்கினாள். அண்ணனைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, வாய்க்கரிசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைய எங்க மதினி என்றாள். மேல இருக்கு, வேண்டாம், பயந்துரும் என்றேன். அப்பன் மொகத்தப் பாக்காம விட்டா பிள்ள எப்படி மதினி இருக்கும், நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா என்றாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. பத்து வயதுப் பிள்ளை, மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு, இதைக் காட்டச் சொல்கிறார்களே காட்டுமிராண்டிகள் என்று நினைத்தேன். நிஜமாகவே அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன். அன்றைக்கு என்னிடம் படிவம் இல்லை, யாரும் பதின்மூன்றுக்கு மேல் என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை, நானாகவே பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு எட்டாம் மாடிக்குப் போனேன். சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை, சுஜிதாவே சொல்லியிருந்தாள். டிவியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. இதழினி திரும்பிப் பார்த்து, எல்லாரும் போயிட்டாங்களா என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. கேட்காதவரைக்கும் நல்லது என்று நானும் இருந்துவிட்டேன்.

சைக்கிள் ஓட்டும்போது ஏழாம் நம்பர் வந்தால் மட்டும் வளைந்து போகிறாள். அந்த இடத்தில் கார் நின்றாலும் சரி, காலியாக இருந்தாலும் சரி. நாலாம் மாடி பால்கனியிலிருந்து நான் எண்ணாத நாள் இல்லை. பயம், வேறென்ன. பயந்த பிள்ளையை நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்துச் செத்தவள் கதவைத் தட்டுகிற படம் காட்டப் போகிறார்கள். அவள் அழுதால் நாற்பது பிள்ளைகளும் படத்தை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்கள். கூடாது என்று நான் எழுதினால் படம் நின்றுவிடும், அப்புறம் ஏன் நின்றது என்று பூந்தொட்டிக்குக்கூடத் தெரிந்துவிடும். உன்னாலதான், உங்க அம்மாதான் என்று லிஃப்டிலும் வேனிலும் அவளைப் பிடுங்கி எடுப்பார்கள். எப்படிப் போட்டாலும் அடி அவளுக்குத்தான். இது தெரிந்தேதான் என் தலையில் கட்டியிருக்கிறான். போன் அதிர்ந்தது. பார்த்தாச்சா மேடம், என்று அவன்தான். அடுத்ததாக இன்னொன்று: கடைசி பத்து நிமிஷம் கொஞ்சம் ஹெவின்னு சொல்றாங்க, தேவைன்னா அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டு கேக் வெட்டிரலாம். கேக். செத்தவள் வாசலில் நிற்கும்போது நிறுத்திவிட்டுக் கேக் வெட்டுவானாம். எனக்கு வந்த கோபத்தில் குரூப்பைத் திறந்து, கூடாது, என்று அடித்தேன். இந்தப் படம் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது, நாற்பது வீட்டிலும் ராத்திரி பிள்ளைகள் அலறினால் செயலாளர் வந்து தூங்கவைப்பாரா என்றும் அடித்தேன். அனுப்பவில்லை. முழுதாகப் பார்த்துவிட்டு அனுப்புவோம், பாதியில் அனுப்பினால் வேலை செய்கிறவளுக்கு அழகில்லை.

1:19. மூன்றாம் தட்டு. நோரா கதவைத் திறந்துவிட்டாள். வாசலில் ஒருத்தரும் இல்லை, ஈரமான காலடி மட்டும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போகிறது, நிலவறைக்குள் இறங்குகிறது. ஊர்க்காரர்கள் எல்லோரும் கையில் விளக்கோடு வந்து, போகாதே, பார்க்காதே, நீ சின்னப் பெண், தாங்க மாட்டாய் என்கிறார்கள். அத்தை அழுகிறாள். அந்தப் பெண் படியிறங்குகிறாள். கீழே ஒரு நீளமான பெட்டி. பெட்டிக்குள்ளே என்ன வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும், இந்தப் படக்காரர்களைத் தெரியாதா, புழு வைத்திருப்பான், கண்ணில்லாத முகம் வைத்திருப்பான், திடீரென்று கையைப் பிடிக்க வைப்பான். அந்தப் பெண் மூடியில் கை வைத்தாள். ரிமோட்டை அழுத்தினேன். 1:24. மூடி நாலு விரல்கடை திறந்தபடி நின்றுவிட்டது. நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. பார்க்காமலேயே எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது, அன்றைக்கு மாதிரியே. போனை எடுத்தேன். கீழே வேன் ஹாரன் அடித்தது, இன்றைக்குப் பார்த்துப் பத்து நிமிடம் முன்னாலேயே. டிவியை அணைக்க வேண்டும் என்று தோன்றியதே தவிர எந்தப் பொத்தான் என்று விரலுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவள் தன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

பையைக் கழற்றிப் போட்டாள். டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எதுக்கும்மா இங்க நிறுத்தி வச்சிருக்க என்றாள். நீ உள்ள போ, டிரெஸ் மாத்து, இது சின்னப் பிள்ளைங்க பார்க்கிறது இல்ல என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இதுக்கப்புறம் ஒண்ணும் பயமா இருக்காதும்மா. உள்ள அவங்க அம்மாதான் இருப்பாங்க."

எப்ப பார்த்த என்று கேட்டேன். சுஜி ஆன்ட்டி வீட்டில், அவர்கள் டேப்லெட்டில், மூன்று தடவை என்றாள். ஆன்ட்டிக்குத் தெரியாதாம். சுஜிதாவின் பெண் இந்த இடம் வந்ததும் பயந்து வேறு அறைக்கு ஓடிவிடுவாளாம், இவள் மட்டும் உட்கார்ந்து இதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாளாம். சுஜிதாவை, அவள் டேப்லெட்டை, பத்ரிநாத்தை, என்னை, யாரை முதலில் திட்டுவது என்று வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி அழுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை. மூடி திறந்தது. உள்ளே ஒரு பெண் படுத்திருந்தாள். புழு இல்லை. யாரும் கையைப் பிடிக்கவில்லை. முகம் வெளுத்து, கன்னம் கொஞ்சம் உள்ளே போய், உயிர் இல்லாத ஒரு சாதாரண முகம். நோரா ரொம்ப நேரம் பார்த்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு தானே மூடியை மூடினாள். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது, ஊர்க்காரர்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இதுதான் ஹெவியாம் அவனுக்கு. படம் முடிந்து, நடித்தவர்கள் பெயர் போட்டு எழுத்து ஓட ஆரம்பித்தது. இதழினி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாக்கு எப்படி இருந்துச்சும்மா?"

தூங்குற மாதிரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன். தூங்குற மாதிரி இல்ல என்றேன். மூக்குல பஞ்சு வச்சிருந்தாங்க. தாடையைச் சேர்த்துத் துணியால கட்டியிருந்தாங்க. உதடு கருத்திருந்துச்சு. நெத்தி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சு. நிறைய விபூதி பூசிட்டாங்க, அது அவருக்குப் பொருந்தவே இல்ல. சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், வீட்டுப்பாடம் சரிபார்க்கிற மாதிரி. நான் எட்டாவது மாடியிலருந்து பார்த்தேன், நீலத் துணி மட்டும்தான் தெரிஞ்சுது, உள்ள யாரு நிக்கிறான்னே தெரியல என்றாள். உன்னைக் கூப்பிட்டிருக்கணும், நான்தான் தப்புப் பண்ணிட்டேன் என்று சொன்னேன். அதை அவள் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி போட்டிருந்தாரா?"

இல்லை, ஆஸ்பத்திரியிலேயே கழற்றிவிட்டார்கள், என் பையில்தான் இருந்தது என்றேன். அவள் காலை மடக்கி முட்டியில் முகவாயை வைத்துக்கொண்டாள்.

"கண்ணாடி இல்லன்னா யாரு வந்திருக்கா, யாரு வரலன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல. நான் வரலன்னு தெரிஞ்சிருக்காதுல்லம்மா."

பதினைந்து மாதம். இவள் பேய்க்குப் பயப்படுகிறாள் என்று பால்கனியில் நின்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன் நான். தெரிஞ்சிருக்காதுடா என்றேன், அவள் தலையைப் பிடித்து மடியில் இழுத்துக்கொண்டு அழுதேன், அவளும் அழுதாள், இரண்டு பேரும் கொஞ்சமும் நாசூக்கில்லாமல் சத்தமாக அழுதோம். போன் அதிர்ந்தது. மேடம், என்ன முடிவு, ஹால் புக் பண்ணணும். ஒற்றைக் கையால் எடுத்து முன்னால் அடித்து வைத்திருந்ததை எல்லாம் அழித்தேன். காட்டலாம், என் பெண்ணும் வருவாள், கடைசிப் பத்து நிமிடத்தை நிறுத்தக் கூடாது, கேக்கை அதற்கப்புறம் வெட்டிக்கொள்ளவும் என்று எழுதி அனுப்பினேன். பிறகு எழுந்து போய் அலமாரியில் இருந்த அந்தப் பழைய கைப்பையை எடுத்துவந்து, ஜிப்பைத் திறந்து அவளிடம் கொடுத்தேன்.